வியாழன் மூன்று மணி

ஜூன் 9

அன்புள்ள பல்லு சாருக்கு,

பல்கலைக்கழகமே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது, நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். பிரிந்து இரண்டு வருஷம் ஆன பிறகு ‘என்னங்க’ என்று தொடங்கினால் நன்றாகவா இருக்கும்?

நலமா? போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, எதுவானாலும் எழுது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எழுதுவதற்கு இப்போதுதான் ஒரு விஷயம் வந்திருக்கிறது. அதுவும் ஆபீஸ் விஷயம்.

மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உங்கள் பல் மருத்துவம். இந்த ஐந்து கல்லூரியின் கடைசி வருஷப் பிள்ளைகளையும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரே நோயாளியைப் பற்றிப் பேசவைக்க வேண்டும். என்னைத் திட்ட அதிகாரியாகப் போட்டதே இதற்குத்தான். இன்று நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியாததா? டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதுகிறார். அது தெரியாமல் உங்கள் ஆட்கள் பல்லைப் பிடுங்குகிறார்கள். ரத்தம் நிற்காமல் அந்த மனுஷன் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்.

ஐந்து அட்டவணைகளையும் சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஐந்துக்கும் பொதுவாக வரக்கூடியது வியாழன் மதியம் மூன்று மணி ஒன்றுதான். நாலு கல்லூரி சம்மதித்துவிட்டது. பல் மருத்துவம் மட்டும் ‘இயலாது’ என்று ஒற்றை வார்த்தையில் அனுப்பியிருக்கிறது. உங்கள் கல்லூரி முதல்வர், நிர்வாக அலுவலரான நீங்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரியாதா?

மாத முடிவுக்குள் ஐந்தும் சேரவில்லை என்றால் துணைவேந்தர் திட்டத்தைக் கைகழுவிவிடுவார். என் பதவியும் அதோடு போகும். கொஞ்சம் மனசு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


ஜூன் 13

டைம்டேபிள் அம்மாவுக்கு,

நலம். உன் கடிதம் ஆபீஸ் தபால் பையில் பல் செட்டுகளுக்கான விலைப்பட்டியலோடு சேர்ந்து வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திறக்காமலே வைத்திருந்தேன்.

வியாழன் மூன்று மணி முடியாது. நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளை எல்லாம் சர்வீஸ் செய்கிற நேரம் அது. திங்கள் காலை வேண்டுமா, செவ்வாய் மாலை வேண்டுமா, எடுத்துக்கொள். முதல்வரை நான் சரிக்கட்டுகிறேன். வியாழனை மட்டும் கேட்காதே.

நம் மகள் போன ஞாயிறு வெளியூரிலிருந்து பேசினாள். “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அவளுக்கு அங்கே வேலை அதிகம். வீட்டில் உன் அறையில் ஜன்னல் சரியாக மூடவில்லை. ஆள் வைத்துச் சரி செய்துவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பல்லு சார்


ஜூன் 24

பல்லு சாருக்கு,

உங்கள் சர்வீஸ் டெக்னீஷியனை இன்று ஸ்டோரில் பார்த்தேன். மனுஷன் வெள்ளந்தி. கேட்டதும் கொட்டிவிட்டார். “அதெல்லாம் போன வருஷமே திங்கக்கிழமைக்கு மாத்தியாச்சும்மா. வியாழக்கிழமை மூணு மணிக்கு யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. சார் தனியா ரூம்ல உக்காந்திருப்பாரு. யாரையும் உள்ள விடாதேன்னு சொல்லியிருக்காரு.”

அப்படியானால் என்னிடம் எதற்குப் பொய்? திங்கள் காலை மருத்துவக் கல்லூரிக்கு வார்டு. செவ்வாய் மாலை நர்சிங் பிள்ளைகளுக்கு டூட்டி. இது உங்களுக்குத் தெரிந்துதான் தருகிறேன் என்கிறீர்கள். என் மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுங்கள். ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஆபீஸ் பக்கத்தில் வீடு பார்த்தேன், அது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உண்மைதான். வா என்று நீங்களும் ஒரு வார்த்தை கூப்பிடவில்லையே.

இந்த வீட்டில் நான் ஒன்றும் மகாராணியாக வாழவில்லை. நேற்று லிஃப்டில் எதிர் வீட்டுக்காரர், “புதுசா குடிவந்திருக்கீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாளாக இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன். அதையும் பறித்துவிடாதீர்கள்.

இன்னும் ஆறே நாள் இருக்கிறது.

நான்


ஜூன் 27

அன்புள்ள உனக்கு,

பழிவாங்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படி நினைத்துக்கொள்வாய் என்று எனக்கு உறைக்கவும் இல்லை.

உனக்கு மறந்திருக்கலாம். அப்போதெல்லாம் சர்வீஸ் நேரத்தில் கட்டடமே அமைதியாக இருக்கும் என்று, வியாழன்தோறும் மூன்று மணிக்கு என் அறைக்கு வருவாய். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பைல் அலமாரிப் பக்கத்து நாற்காலியில் கால் நீட்டிக்கொள்வாய். டீ வரும். உன் துணைவேந்தரைத் திட்டுவாய், நான் என் முதல்வரைத் திட்டுவேன். வீட்டில் பேசாததை எல்லாம் அங்கே பேசினோம். தனி வீடு போன பிறகும் கொஞ்ச நாள் வந்தாய். பிறகு ஒரு வியாழன் உனக்கு மீட்டிங். அடுத்த வியாழனும் மீட்டிங். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

சர்வீஸைத் திங்களுக்கு மாற்றிய பிறகும் அந்த நேரத்தை நான் விடவில்லை. நீ வந்தால் நான் ஏதாவது கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாதே. வா என்று கூப்பிடத்தான் வாய் வரவில்லை. கூப்பிட்டு நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். காத்திருந்தால் அந்தப் பயம் இல்லை.

அந்த நேரத்தை நீயே வந்து கேட்கிறாய், எதற்கு வைத்திருக்கிறேன் என்று தெரியாமலே கேட்கிறாய். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சம்மதக் கடிதத்தில் இன்று காலை முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். இதோடு இணைத்திருக்கிறேன். உன் திட்டம் நன்றாக நடக்கட்டும், மனசாரச் சொல்கிறேன்.

நான்


ஆகஸ்ட் 8

என்னங்க,

உங்கள் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமலே ஆறு வாரம் ஓட்டிவிட்டேன். நேற்று முதல் கூட்டம் நடந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு பெரியவரின் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டாமா என்று பார்மசிப் பெண் ஒருத்தி உங்கள் கல்லூரிப் பையனை உலுக்கி எடுத்துவிட்டாள். துணைவேந்தர் கைகுலுக்கினார். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கடிகாரம் மூன்றரை காட்டியது. இந்த உலகத்தில் இப்போது எனக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று தோன்றியது. ஜூன் வரைக்கும் ஒருவர் இருந்திருக்கிறார், உங்கள் கடிதம் வருகிற வரை எனக்குத்தான் தெரியவில்லை. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு கல்லூரி தந்த நேரத்தை வருஷம் முடிகிற வரை திரும்ப வாங்கக் கூடாது என்று விதி எழுதியவள் நானே. அதனால் வியாழன் போனது போனதுதான். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. வருகிற பதினாறாம் தேதி காலை வீட்டுக்கு வருகிறேன். போன் பண்ண மாட்டேன், நாலாவது வாக்கியத்துக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. நேரில் வந்து நிற்கிறேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி


ஆகஸ்ட் 19

பெறுநர்: திட்ட அதிகாரி, மருத்துவ அறிவியல் கல்லூரிகளின் கூட்டு அலுவலகம்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

அடுத்த கல்வியாண்டின் பொது வகுப்புகளுக்கு எந்தெந்த நேரங்களை ஒதுக்க இயலும் என்று தங்கள் அலுவலகம் அனைத்துக் கல்லூரிகளையும் கேட்டிருந்தது. பல் மருத்துவக் கல்லூரியைப் பொறுத்தவரை, வாரத்தின் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் ஆட்சேபணை இல்லை எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.

நிர்வாக அலுவலர்

இதற்குக் கீழே இருப்பதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு, பைலில் சேர்க்காதே.

சனிக்கிழமை நான் உள்ளேதான் இருந்தேன். விடியும் முன்பே எழுந்து சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். நீ மணி அடித்தாய். கதவு வரை வந்தேன். தாழ்ப்பாளில் கையும் வைத்தேன். இரண்டாம் முறை அடித்தாய். பிறகு, “நான்தாங்க” என்றாய். அந்தக் குரலைக் கேட்க எத்தனை வியாழன் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? கேட்டபோது, கதவைத் திறந்து என்ன சொல்வது என்று எவ்வளவு தேடியும் எனக்குள் ஒரு வார்த்தை அகப்படவில்லை. வியாழனைக் கொடுத்த அன்றே அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. உன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திறந்திருப்பேன்.

நீ படியிறங்கிப் போகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அதுவரை அங்கேயே நின்றேன்.

இனி வராதே. ஏதாவது தேவைப்பட்டால் ஆபீஸுக்கு எழுது, அன்றைக்கே பதில் போடுகிறேன்.