கல் என்று சொல்லி வைத்தது

ஆடி 6, திங்கள்

மேல்காற்று. மாடியில் காயப் போட்ட வேட்டி ஒன்று பக்கத்து வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது. எடுக்கப் போக முடியாது. நான் போனால் குழாயும் பையும் கூடவே வரும்.

மதுரையிலிருந்து வந்து மூன்றாம் நாள். கத்தி இல்லை, தையல் இல்லை. உள்ளே நீராவியை விட்டுப் புரோஸ்டேட்டைச் சுருங்க வைப்பது. சின்ன வேலை என்றார் டாக்டர். சின்ன வேலைக்கு இத்தனை பெரிய மூத்திரப் பை. தொடையில் கட்டியிருக்கிறது. நடந்தால் களக் களக்.

செய்யக் கூடாதவை: பைக். பளு தூக்குவது. முக்குவது. காப்பி. காரம். கோபம். கடைசியை டாக்டர் சொல்லவில்லை, வீட்டுக்காரி கோமதி சேர்த்துக்கொண்டாள்.

செய்யலாம் என்றது: தண்ணீர் குடிப்பது.

பேட்டையில் என் மோட்டார் ரிப்பேர் கடை பூட்டிக் கிடக்கிறது. கார் நெல் சாகுபடி நேரம். விவசாயி எரிந்த பம்ப்செட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நம்மைத் தேடி வருவான், பூட்டைப் பார்ப்பான், அடுத்த கடையில் கம்பிச் சுருள் மாற்றிக் கட்டக் கொடுத்துவிட்டுப் போவான். நினைத்தால் வயிறு எரிகிறது. வயிறு மட்டுமில்லை.

எல்லாரிடமும் கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சிறுநீரகக் கல். என் யோசனைதான். கல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. "போர் தண்ணி சரியில்ல அண்ணாச்சி" என்று அதுவே பேச்சாகிவிடும். உள்ளதைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியாதா? கூடவே இருக்கிற மருமகள் செல்விக்கும் கல்தான். வேலைக்காக ஓசூரில் இருக்கிற மகனுக்கும் கல்தான். உண்மை தெரிந்தவள் கோமதி மட்டும்.

பலன், வருகிறவர் கையிலெல்லாம் வாழைத்தண்டு. பிரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. இன்றும் வாழைத்தண்டுக் கூட்டு.

ஆடி 7, செவ்வாய்

படுத்தால் எழ வேண்டும் போல. எழுந்தால் படுக்க வேண்டும் போல. பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரை படித்தாயிற்று.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். செல்வியின் அப்பா, சுடலைமுத்து. சுத்தமல்லியில் தனியாக இருக்கிறார், மனைவி தவறி நாலைந்து வருஷம். ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பாய்லர் பார்த்தவர். மில் சத்தத்தில் காது போய்விட்டது. செல்வி வாங்கிக் கொடுத்த காது மெஷின் டப்பாவிலேயே இருக்கிறது, போட்டால் கொய்யென்று கத்துகிறதாம். எழுத்து வாசிப்பும் கையெழுத்தோடு சரி. அவரிடம் எதைச் சொன்னாலும் தெருவுக்கே சொல்ல வேண்டும். அவர் சொல்வதும் தெருவுக்கே.

"என்ன சம்பந்தி, கல்லு எம்புட்டு பெருசு?"

எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் வாசலில் இருந்தார். விரல் நுனியைக் காட்டினேன்.

"புளியங்கொட்ட அளவா! யாத்தி!"

ஒரு மணி நேரம் இருந்திருப்பார். அதற்குள் மூன்று தடவை பாத்ரூம். மூன்றாவது தடவை நான் கதவுக்கு வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொடங்குகிறது. நிற்கிறது. மறுபடி கொஞ்சம். மறுபடி நிற்கிறது. இழுக்காத மோட்டாரைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவன் நான். இந்தச் சத்தம் எனக்கு இரண்டு வருஷப் பழக்கம். தனக்குக் காது கேட்காததால் அடுத்தவனுக்கும் கேட்காது என்று நினைக்கிறார் போல.

வெளியே வந்து ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "எனக்கும் ரெண்டு மாசமா கடுப்பு சம்பந்தி. கல்லாத்தான் இருக்கும். உங்களப் பாத்துத்தான் நானும் வாழத்தண்டு சாறு குடிக்கேன். செம்பு செம்பா."

என்னால் உட்கார முடியவில்லை. அடைப்புள்ளவன் செம்பு செம்பாகச் சாறு குடித்தால் என்ன ஆகும்?

ஆனி மாதம் சங்கரன்கோவில் போன அன்று எனக்கு முழுதாக அடைத்துக்கொண்டதே, அது கண்முன் வந்தது. பஸ்ஸில் வேர்த்து ஊற்றி, அடிவயிறு பானையாகி, கோமதி கையை நான் பிடித்த பிடியில் அவள் வளையல் உடைந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன்.

இவர் அடுத்த வாரம் அமாவாசைக்குக் காரையாறு போகிறார். வருஷா வருஷம் போகிறதுதான். அய்யனார் கோயில் பக்கம் காட்டுக்குள் குடில் போட்டுச் சொந்தபந்தத்தோடு தங்குவது. அங்கே போன்கூட எடுக்காது. அடைத்துக்கொண்டால் பாபநாசத்துக்கு இறங்கி வருவதற்குள் மனுஷன் என்ன ஆவார்?

ஆடி 8, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். பாளையங்கோட்டையிலேயே.

தண்ணீர் குடிக்கச் சொல்லி வராண்டாவில் உட்கார வைத்தார்கள். குடித்தேன். நடந்தேன். குடித்தேன். வரவில்லை என்றால் மறுபடி குழாய்.

பிறகு வந்தது. மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி. கொஞ்சம் சிவப்பு. ஆனால் தானாக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அறுபத்திமூன்று வயசில், ஒன்றுக்குப் போனதற்கு.

வெளியே கோமதி: "வந்துட்டா?"

"வந்துட்டு."

"சத்தமாச் சொல்லுங்க, நர்ஸம்மா கேக்காவ."

எரிச்சல் சில வாரம் இருக்குமாம். அடிக்கடி போகத் தோன்றுமாம். தோன்றுகிறது. இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை.

ஆடி 10, வெள்ளி

காலையில் இட்லி, சாம்பார் இல்லாமல். காரம் ஆகாது. சீனி தொட்டுச் சாப்பிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி.

சம்பந்திக்குப் போன் போட்டேன். டீக்கடையில் இருந்தார் போல. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"சம்பந்தி, அந்தக் கடுப்பு எப்படி இருக்கு?"

வேறொரு குரல்: "அண்ணாச்சி, அவருக்குக் கேக்கல. என்ன கடுப்பு, எங்க கடுப்பு? நான் சொல்லுதேன்."

வைத்துவிட்டேன்.

கோமதியிடம், செல்வி காதில் விஷயத்தை மெதுவாகப் போட்டு வை என்றேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"மருமவட்டப் போயி உங்க அப்பாவுக்கு அங்கன அடைப்புன்னு நான் சொல்லவா? அது எப்படி அத்தை உங்களுக்குத் தெரியும்னு கேப்பா. கல்லுன்னு கத கட்டுனது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவள் சொல்வது நியாயம். நியாயமாகச் சொல்கிறாள் என்பதுதான் எரிச்சல்.

வாழைத்தண்டு இன்றும் ஒன்று. தாசில்தார் வீட்டிலிருந்து.

ஆடி 12, ஞாயிறு

பொறுக்க முடியாமல் ஆட்டோ பிடித்துச் சுத்தமல்லி போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் கோமதியின் வசவு காதில் விழுந்தது. அவள் கூட வரவில்லை.

அங்கே வீடு நிறைய ஆள். தார்ப்பாய், கம்பு, அண்டா, அரிசிச் சாக்கு. அக்கா மக்கள், தங்கச்சி மக்கள். சம்பந்தி நடுவில் நின்று யாரையோ வைதுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. கன்னம் ஒட்டிப்போய்.

தனியே கூட்டிக்கொண்டு போய் சைகையில் சொல்லிப் பார்த்தேன். அவரைக் காட்டினேன். கீழே காட்டினேன். என்னைக் காட்டினேன். மறுபடி கீழே காட்டினேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"சங்கடப்படாதிய சம்பந்தி, இப்படி வாங்க."

கையைப் பிடித்துக் கொண்டுபோய் பாத்ரூமில் விட்டு, வெளியே காவலும் நின்றார்.

போனதற்கு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பும்போது டவராவில் வாழைத்தண்டு சாறு. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டு பேரும் குடித்தோம். என் பொய்யை நானே மடக் மடக்கென்று குடித்தேன். அவரும் குடிக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

ஆடி 14, செவ்வாய்

தூக்கமில்லை. எரிச்சல் கொஞ்சம் குறைவு. ஓட்டம் பரவாயில்லை.

என்னைக் கேட்டால், வெட்கம் என்பது வேட்டி மாதிரி, உடுத்தத்தான் வேண்டும். அதற்காகக் கழுத்தில் சுற்றி இறுக்கிக்கொள்வதா? இப்படியெல்லாம் எழுதத் தெரிகிறது. வாயைத் திறக்கத் தெரியவில்லை.

நாளைக் காலை காரையாறு போகும் முன் இங்கே வந்து சொல்லிக்கொண்டு போகிறாராம். செல்வி முறுக்குச் சுட்டு டின்னில் அடைத்துவிட்டாள். "அப்பாவுக்கு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல மாமா. சாமிகிட்ட போய் வந்தா சரியாயிரும்," என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

ஆடி 15, புதன்

காற்று. தூறல். ஏழு மணிக்கே வேன் வந்துவிட்டது. கூரையில் கம்பும் தார்ப்பாயும், உள்ளே இருபது பேர், ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகளின் தலை. தெருவே வாசலில்.

சம்பந்தி இறங்கவில்லை. முன் சீட்டில் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை அடிவயிற்றில். நெற்றியில் வேர்வை. தூறலுக்கு வேர்க்குமா?

"போயிட்டு வாரேன் சம்பந்தி."

செல்வி முறுக்கு டின்னைக் கொடுத்தாள். டிரைவர் சாவியைத் திருகினான். நான் படியிறங்கி வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"சம்பந்தி! எனக்குக் கல்லு இல்ல!"

"என்னது?"

"கல்லு இல்ல! நான் சொன்னது பொய்! புரோஸ்டேட்டு! ஒண்ணுக்குப் போற வழி அடச்சிட்டு! மதுரையில போயி நீராவி விட்டுச் சரி பண்ணியிருக்கு! குழா போட்டு, பை கட்டிக்கிட்டு அலைஞ்சேன்! உங்களுக்கும் அதேதான்! நான் கேட்டேன், பாத்ரூம்ல! வாழத்தண்டு இதுக்கு ஆகாது! காட்டுக்குப் போகாதிய!"

தாசில்தார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நன்றாகவே கேட்டார். எங்கேயோ குக்கர் விசில்.

சம்பந்தி என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. இன்று பேசினார். நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"நேத்து ராத்திரியிலேருந்து சொட்டுச் சொட்டாத்தான் போவுது. அய்யனார்ட்ட இதுக்குத்தான் போறேன். சாமி வேட்டிய அவுக்கச் சொல்லாதுல்லா."

செல்விக்கும் கேட்டுவிட்டது. அழுவாள் என்று பார்த்தேன். டிரைவரிடம் போய், "அண்ணே, அப்பா வரல. அவுக படுக்கைய இறக்குங்க," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

வேன் போய்விட்டது. கோமதி துண்டு, தண்ணீர் பாட்டில், என் பழைய ரிப்போர்ட் எல்லாம் பைக்குள் வைத்துவிட்டாள். நான் கேட்காமலே.

சம்பந்தி ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கிறேன் என்று பாத்ரூமுக்குள் போனார். வெளியே நாற்காலி போட்டு இதைக் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தட்டினாலும் கேட்காது.

வந்துவிட்டார். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். ஆட்டோ வாசலில். டாக்டர் பார்க்கும்போது நானும் அறைக்குள் கூடவே நிற்க வேண்டுமாம். சரி என்று கத்தினேன்.