நாற்பத்தொன்றில் ஆறு என்னுடையவை

அனுப்புநர்
லெனோர் ஹாஸ்கெட் (வயது 74),
முன்னாள் ஸ்கோர் பதிவாளர், ஸ்டாட்லர் மில்லர்ஸ் அணி,
9, எல்ம் தெரு, ஸ்டாட்லர், ஒஹாயோ.

பெறுநர்
திரு. ஆர்லோ கிம்ஸி அவர்கள்,
தேர்வுக் குழுத் தலைவர்,
ஸ்டாட்லர் வட்டார பேஸ்பால் புகழ் மண்டபம்.

பொருள்: ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் எம்மெட் டூஸிக் பெயரில் 1974-இல் என்னால் தவறாக எழுதப்பட்ட ஆறு பிழைகளை நீக்கி, சனிக்கிழமை வாக்கெடுப்புக்கு முன் அறிவிக்கக் கோருதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நேற்று முன்தினம் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையெழுத்தின் கோணலைப் பொறுத்தருளவும்; வயது காரணமல்ல.

2. வாக்குச்சீட்டில் டூஸிக் பெயர் வருவது இது பத்தாவது ஆண்டு. விதிப்படி பத்தோடு சரி. இனி எக்காலத்திலும் வராது. மண்டபத்தில் இடம்பெற்று இன்று உயிரோடிருக்கும் பன்னிரண்டு வீரர்களில் ஒன்பது பேர் அவரைச் சேர்க்கச் சம்மதிக்க வேண்டும். சென்ற ஆண்டு எட்டுப் பேர் சம்மதித்தார்கள். ஒன்றே ஒன்று குறைந்தது, ஐயா!

3. ஊரில் வேறு பேச்சே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ரோண்டாவின் உணவகத்தில் பேன்கேக் ஆறிப்போனது, சண்டை ஆறவில்லை. முடிதிருத்தும் க்ளைட் மேசையில் குத்தி, "அந்த மனுசன் மாதிரி பந்தைப் புடிச்சவன் இந்த வட்டாரத்துல பொறந்திருக்கானா? சொல்லுங்கய்யா!" என்றார். எதிர்மேசைக்காரர், "புடிச்சாரு, புடிச்சாரு. நாப்பத்தொண்ணு தடவ கோட்டையும் விட்டாரு" என்றார். ஒரே சிரிப்பு. ஒரு பருவத்தில் நாற்பத்தொரு பிழை என்பது வட்டாரச் சாதனை. ஐம்பது ஆண்டுகளாக அவரை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்நேரம் பார்த்து அவரே உள்ளே நுழைந்தார். ரோண்டா பழக்கதோஷத்தில், "வாங்க நாப்பத்தொண்ணு, முட்டையைத் திருப்பிப் போடவா?" என்று கேட்டுவிட்டார். அவரும் சிரித்தார். நான்தான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்த நாற்பத்தொன்றையும் எழுதியது என் கை.

4. வீடு திரும்பியதும் நிலவறையில் கிடந்த ஸ்கோர் புத்தகத்தை எடுத்தேன். அடித்தவர் தளத்தை எட்டிவிட்டால், அது நல்ல அடியா, தடுத்தவரின் பிழையா என்று தீர்ப்பது ஸ்கோர் எழுதுபவர். சாதாரண முயற்சியில் முடியக்கூடியதைத் தவறவிட்டால் மட்டுமே பிழை. பந்து கடந்து போவதை நின்று வேடிக்கை பார்ப்பவனுக்குப் பிழையே கிடையாது! பாய்ந்து விழுந்து விரல்நுனியால் தொட்டவருக்கு நான் பிழை போட்டிருக்கிறேன். இது எந்த ஊர் நியாயம்?

5. ஏன் போட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிழையால் வந்த ஓட்டம் பந்து வீசியவரின் சராசரியில் சேராது; அந்தச் சராசரி குறைவாக இருப்பதே அவருக்குப் பெருமை. அந்த ஆறு முறையும் பந்து வீசியவர் வெர்ன் ஹாஸ்கெட். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, எங்களுக்கு நிச்சயமாகியிருந்தது. மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது என நம்புகிறேன்.

6. 24.08.1974 அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், இருவர் அவுட்; இன்னும் ஒருவர் அவுட்டானால் அந்த இன்னிங்ஸ் முடிந்துவிடும். பந்து மூன்றாம் தளத்துக்குப் பின்னால் சீறிக்கொண்டு போனது. டூஸிக் குப்புற விழுந்து பிடித்து, முழங்காலில் நின்றபடியே முதல் தளத்துக்கு எறிந்தார். அடடா, அந்த எறி! ஒரு முழம் விலகியது, அடித்தவர் தப்பினார். குருடனுக்கும் தெரியும் அது நல்ல அடி என்று. நான் பிழை என்று எழுதினேன். அடுத்து வந்தவர் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். இரண்டு ஓட்டங்கள், இரண்டும் வெர்ன் தலையில் விழாமல் டூஸிக் தலையில் விழுந்தன. ஆட்டம் முடிந்ததும் டூஸிக் என் ஸ்கோர் அறை வாசலில் வந்து நின்று, "ஏம்மா, அது பிழையா?" என்று கேட்டார். "உங்க கையில பட்டுச்சே" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "பட்டது நெசந்தான். அப்ப என்னுதுதான்" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

7. இப்படி ஆறு. அவற்றை நீக்கினால் முப்பத்தைந்து. பழைய சாதனையோ முப்பத்தெட்டு. ஆக, அந்தக் கேவலமான சாதனை டூஸிக்குடையதே அல்ல, ஐயா! இதைக் கண்டதும் நிலவறையில் தனியாக நின்று கூச்சல் போட்டேன். மற்ற ஐந்து முறையும் ஓட்டம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட் மாத இரண்டு ஓட்டங்களையும் உரியவர் பெயரில் சேர்த்தால், என் கணவரின் சராசரி 1.97 அல்ல, 2.13. மண்டபத்தில் அவருடைய வெண்கலப் பலகையில் "இரண்டைத் தாண்டாத ஒரே பந்துவீச்சாளர்" என்று பொறித்திருப்பது தாங்கள் அறிந்ததே.

8. வாக்களிக்கும் பன்னிருவரில் என் கணவரும் ஒருவர். ஒன்பது ஆண்டுகளும் டூஸிக் வேண்டாம் என்றே வாக்களித்தவர். "பகையெல்லாம் ஒண்ணுமில்ல லெனோர். ஒன் புத்தகம் பொய் சொல்லுமா?" என்பார். ஒன்பது ஆண்டுகளும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

9. நேற்று மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப என் ஒண்ணு புள்ளி தொண்ணூத்தேழு?" என்றார். "போச்சு" என்றேன். "வெண்கலத்துல எழுதியிருக்கேடி!" என்று கத்தினார். பிறகு எழுந்து போய், காலையில் வெட்டிய புல்லையே மறுபடியும் வெட்டினார். இரண்டு மணி நேரம் வெட்டினார்.

10. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

(அ) ஆறு பிழைகளையும் நீக்கி, வாக்கெடுப்புக்கு முன் பன்னிருவருக்கும் தெரிவிக்க வேண்டும். பழி முழுவதும் என் பெயரில் இருக்கட்டும்.

(ஆ) மேற்படி வெண்கலப் பலகையைத் திருத்த வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால், கழற்றி எடுக்கத் தாமே வருவதாக என் கணவர் சொல்கிறார்.

(இ) என் கணவருக்குப் புதிய வாக்குச்சீட்டு ஒன்றை உடனே அனுப்ப வேண்டும். நிரப்பி, உறையிலிட்டு ஒட்டி வைத்திருந்த பழையதை, புல் வெட்டிவிட்டு வந்த கையோடு அவர் கிழித்துவிட்டார்.

சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருக்கிறது, ஐயா. கருணை கூர்ந்து விரைந்து செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லெனோர் ஹாஸ்கெட்

இடம்: ஸ்டாட்லர்
நாள்: 18.07.2024

இணைப்பு:
1. 1974-ஆம் ஆண்டு ஸ்கோர் புத்தகம்.
2. கிழிந்த வாக்குச்சீட்டு, நான்கு துண்டுகள்.