பால்கனியில் தொங்கிய சிடி

என் அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தானே கூப்பிட்டேன்? இப்போது பெயரைப் போட்டு எழுதினால் யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அதனால் இதுவே இருக்கட்டும். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். கார்த்தி புனேயிலிருந்து தினமும் போன் பண்ணுகிறான். பால்கனியில் புறா முட்டை விட்டிருக்கிறது. அப்புறம், உங்கள் கம்ப்யூட்டர் ஓடுகிறது.

ஓடுகிறது என்றால் முக்கி முனகிக்கொண்டு இல்லை. உங்கள் காலத்தில் அதை ஆன் பண்ணிவிட்டுக் குக்கர் வைத்தால் மூன்றாவது விசிலுக்குத்தான் முகம் காட்டும். இப்போது அடுப்பைப் பற்றவைத்துத் திரும்புவதற்குள் தயாராக நிற்கிறது. யார் வேலை என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் உங்கள் செல்வியின் வேலைதான். “தொடாத, கெட்டுப்போயிடும்” என்று இந்தக் கையைத்தானே தட்டிவிடுவீர்கள்?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். இனி, இத்தனை மாதமாக என் மனதை அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மா, அவரை டென்ஷன் பண்ணாம பாத்துக்குங்க” என்றார். நான் எப்பேர்ப்பட்ட வாய்க்காரி என்று அவருக்கு யார் சொன்னார்களோ! அந்த வாயை இருபது நாள் கட்டிப்போட்டேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையை மறந்தீர்கள், எடுத்துக் கையில் கொடுத்தேன். இருபத்தொன்றாவது நாள் காலையில் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். காப்பி கொண்டுவந்து வைத்து முக்கால் மணி நேரம் ஆகி, மேலே ஏடு படிந்துவிட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“போட்டு வச்ச காப்பி ஆறி அவலாப் போச்சு! அந்தப் பொட்டியவே கட்டிக்கிட்டு அழுவுங்க. நான் ஒருத்தி எதுக்கு இந்த வீட்டுல?”

ஒரு வார்த்தை பதில் பேசாமல் காப்பியைக் குடித்தீர்கள். மறுபடி போய் உட்கார்ந்து என்னமோ தட்டினீர்கள். நான் எட்டிப் பார்த்ததும் வழக்கம்போல மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பினீர்கள். அதற்கும் ஒரு பாட்டு விட்டேன். மத்தியானம் திரும்பவும் வலி. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்திருந்தீர்கள், பேச்சு வரவில்லை. ஆக, நான் உங்களிடம் கடைசியாகப் பேசியது அந்தத் திட்டுதான். நான் திட்டித்தான் போய்விட்டீர்களா? மனசு நொந்து போனீர்களா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கார்த்தி, “அந்த டப்பாவைக் காயலான் கடையில போட்டுடும்மா, உனக்குக் கையில வச்சுப் பாக்குற டேப் ஒண்ணு வாங்கி அனுப்புறேன்” என்றான். “உங்கப்பா உக்காந்த எடம்டா, வாயை மூடு” என்று போனை வைத்தேன். பிறகு நீங்கள் மூடிவைத்த துண்டை எடுத்துவிட்டு நானே ஆன் பண்ணினேன். பாஸ்வேர்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே நீங்களே பென்சிலில் எழுதிவைத்திருந்தீர்கள். திரை வந்ததும் ஓரத்தில் ஒரு ஃபோல்டர், ஆங்கில எழுத்தில் என் பெயர். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அதில் கடைசியாக எழுதிய தேதி, நீங்கள் போன அந்த நாள்.

திறக்கவில்லைங்க. பயந்துவிட்டேன். காலையில் வாங்கிய திட்டுக்கு எனக்குப் பதில் எழுதிவைத்திருந்தால் அதை எப்படிப் படிப்பேன்? துண்டைப் போட்டு மூடிவிட்டு, பாதியில் கிடந்த பிளவுஸைத் தைக்கப் போய்விட்டேன்.

ஆனால் தினமும் ஒரு தடவை ஆன் பண்ணி அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கம்ப்யூட்டரோ நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டே போனது. ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இதில் இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராதாம். புதியதை ஏற்ற இந்த மெஷினுக்குச் சத்து போதாதாம். எனக்கு வந்ததே கோபம்! உங்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது விடுவேனா?

தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டுகிறவளுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம்? வயரையெல்லாம் பிடுங்கி, மூடியைக் கழற்றினேன். ஐயோ, ராமா! உள்ளே பல்லி முட்டை ரெண்டு. ஃபேனில் தலையணை அளவுக்குப் பஞ்சு. அத்தனையும் என் தையல் தூசிதான். நீங்கள் அங்கே உட்கார்ந்து தட்ட, நான் இங்கே உட்கார்ந்து தைக்க, அது பாவம் இத்தனை வருஷம் அதைத்தான் மூச்சு விட்டிருக்கிறது. மிஷின் துடைக்கிற பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டி எடுத்தேன். மாட்டி ஆன் பண்ணினால், விமானம் ஏறுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்த சத்தம் அடங்கிப்போயிருந்தது.

அடுத்த நாள் கார்த்தி போனிலேயே வழி சொன்னான். ஆன் பண்ணும்போது தானாகக் கிளம்புகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னான். பதினான்கு இருந்தது. நாம் பிரிண்டரைத் தூக்கிக் கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சு? அதன் புரோகிராம் இன்னும் தினமும் காலையில் எழுந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் லீவு கொடுத்தேன். “அம்மா, நீ வேற லெவல்” என்றான் உங்கள் பிள்ளை.

அதோடு நிறுத்தினேனா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷன் போய், அங்கிருந்து மன்னார்புரம் போனேன். அங்கே ஒரு கடைக்காரர், நம் வயசுதான் இருக்கும், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “நல்ல மிஷின் மேடம், தூக்கிப் போட்டுறாதீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் காலில் விழலாம் போல இருந்தது. சுற்றுகிற பழைய டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்று தீப்பெட்டி கனத்தில் ஒன்று போட்டார், ராம் என்கிற மெமரியையும் கூட்டினார். “இனி இதுக்கு லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடலாம். இலவசம்தான், லேசா ஓடும். ஃபைலெல்லாம் காப்பி எடுத்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு பென்டிரைவ்ல எடுத்துட்டேங்க. ஒண்ணு பீரோவுல, ஒண்ணு உளுந்து டப்பாவுல.”

“எங்க வீட்டம்மாகூட இவ்வளவு உஷார் கிடையாது” என்று சிரித்தார். பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, கூடுதல் இடமாக அதையும் உள்ளேயே மாட்டிவிட்டார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

இந்த லினக்ஸில் ஒரு வசதி இருக்கிறது, கேளுங்கள். ஒரே திரைக்குள் நாலு மேஜை போட்டுக்கொள்ளலாம். ஒன்றில் வாடிக்கைக்காரர்களின் அளவு அட்டவணை வைத்திருக்கிறேன். பெயரைத் தட்டினால் கை, கழுத்து எல்லாம் வந்துவிடுகிறது, அந்தக் கிழிந்த நோட்டு ஓய்வு பெற்றுவிட்டது. இன்னொன்றில் கழுத்து டிசைன் படங்கள். மூன்றாவதில் கார்த்தியோடு வீடியோ. எழுத்தைப் பெரிசு பண்ணிக்கொண்டேன், கண்ணாடியைத் தேடுகிற வேலை இல்லை. நாலாவது மேஜை உங்களுக்கு. அதில் உங்கள் ஃபோல்டர் மட்டும்தான்.

இத்தனையும் செய்து முடித்த தைரியத்தில், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, அந்த ஃபைலைத் திறந்தேன்.

தமிழே இல்லைங்க. ஆங்கில எழுத்துக்கு மேலே புள்ளியும் கொம்புமாக, நடுநடுவே நட்சத்திரமும் கூட்டல் குறியுமாக, பக்கம் பக்கமாகக் கிறுக்கல். உங்கள் மூளை கடைசியில் இப்படிக் குழம்பியா போயிருந்தது? நான் கவனிக்கவே இல்லையா? கார்த்தியிடம் அழுதால், “கரப்ட் ஆயிருக்கும்மா, விடு” என்கிறான். திறக்கப் பயந்து மாதக்கணக்கில் வைத்திருந்தேன், தைரியம் வந்தபோது படிக்க முடியவில்லை. நானேதான் பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு வந்து நிற்கிறேன். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வருஷ நினைவுக்கு அச்சடிக்கிற கார்டுக்காகச் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு டிடிபி கடைக்குப் போனேன். ஷாகிதா என்று ஒரு பெண் நடத்துகிறாள், என்னைவிடப் பத்து வயசு சின்னவள். உங்கள் போட்டோவுக்காக பென்டிரைவைக் கொடுத்தேன். பக்கத்தில் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு, அவளாகவே திறந்தாள்.

“அக்கா, மாமா தமிழ் டைப்ரைட்டிங் படிச்சவங்களா?”

“ஹையர் பாஸ். ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாரு. ஏம்மா?”

“அப்ப ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலக்கா. இது பழைய ஃபாண்ட். அந்த ஃபாண்ட் இருக்கிற கம்ப்யூட்டர்லதான் தமிழாத் தெரியும். புது சிஸ்டம் போட்டிருப்பீங்க, ஃபைல எடுத்தீங்க, ஃபாண்ட்ட எடுக்கல. வீட்ல பழைய சிடி எதுவும் கெடக்குதா பாருங்க.”

சிடி! எனக்குப் பகீர் என்றது. நீங்கள் போன பிறகு புறாத் தொல்லை தாங்காமல், மினுமினுப்பைப் பார்த்து மிரளட்டும் என்று உங்கள் மேஜை டிராயரில் கிடந்த சிடிகளை எடுத்து, நூல் கோத்து, பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டது யார்? வீட்டுக்கு ஓடிவந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவதில் உங்கள் கையெழுத்து. ‘தமிழ் ஃபாண்ட். பத்திரம்.’ பத்திரத்துக்குக் கீழே இரண்டு கோடு வேறு. வெயிலில் காய்ந்து, தொட்டதும் பளபளப்பு உரிந்து என் விரலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே, எந்தப் பயமும் இல்லாமல், அந்தப் புறா உட்கார்ந்து முட்டையை அடைகாத்துக்கொண்டிருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

மறுநாள் சிடியோடு போய் நின்றேன். ஷாகிதா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போனா போகட்டும்க்கா. எங்க அத்தா வாங்குன பழைய சிஸ்டம் ஒண்ணு உள்ள இருக்கு. பழைய கல்யாணப் பத்திரிகையெல்லாம் அதுலதான். விக்கச் சொன்னாங்க, நான்தான் விடல. இன்ஷா அல்லா, கெடைக்கும்” என்றாள். உங்கள் ஃபைலை அதில் போட்டு ஒவ்வொரு ஃபாண்ட்டாக மாற்றினாள். கிறுக்கல், வேறு கிறுக்கல், பாதித் தமிழ். எத்தனையோ மாற்றினாள், எனக்குக் கணக்கே விட்டுப்போயிற்று. திடீரென்று பக்கம் முழுக்கத் தமிழ். முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள்: “இன்றைய திட்டு.” சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்தாள். “இத நீங்களே படிங்கக்கா. நான் போய் டீ சொல்லிட்டு வரேன்.”

ஏங்க, என்ன வேலை பார்த்துவைத்திருக்கிறீர்கள்! தினமும் நான் திட்டியதைத் தேதி போட்டு எழுதி, பரீட்சைப் பேப்பர் மாதிரி மார்க் வேறு.

‘குளியலறை விளக்கை அணைக்காததற்கு. போன வாரம் சொன்னதையே சொன்னாள். பத்துக்கு ஐந்து.’

‘வெண்டைக்காய் முற்றலாக வாங்கியதற்கு. “கண்ண என்ன கொள்ளிடத்துலயா விட்டுட்டு வந்தீங்க?” பத்துக்குப் பத்து.’

கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாட்கள்.

‘திட்டு இல்லை.’

‘திட்டு இல்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.’

‘மாத்திரையை மறந்த மாதிரி இருந்தேன். எடுத்துக் கையில் கொடுக்கிறாள். டாக்டர் இவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது.’

இப்படி இருபது நாள். கடைசியாக, அந்த நாள்.

‘காப்பியை வேண்டுமென்றே ஆறவிட்டேன். முக்கால் மணி நேரம். விழுந்தது! பத்துக்குப் பதினைந்து. செல்வியே திட்டிவிட்டாள் என்றால் எனக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம். இன்றுதான் வீடு வீடு மாதிரி இருக்கிறது.’

நான் போட்ட சத்தத்தில் ஷாகிதா டீயும் கையுமாக ஓடிவந்தாள். நான் அழுகிறேன் என்று நினைத்தாள். அழுதேன்தான், ஆனால் அவள் நினைத்த அழுகை இல்லை. பத்து மாதத்துக்கு அப்புறம் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேங்க.

ஷாகிதா அந்த ஃபாண்ட்டை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். நம் கம்ப்யூட்டரிலும் இப்போது அது இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி யூனிகோடுக்கு மாற்றியும் ஒரு பிரதி எடுத்துக் கார்த்திக்கு அனுப்பினேன். படித்துவிட்டு உடனே போன் பண்ணி, “டேப் வேணாம்மா” என்றான். அந்தச் சிடியைத் திரும்பப் பால்கனிக் கம்பியிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். புறா குஞ்சு பொரித்து, அது பறக்கிறவரை அங்கேயே இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஃபைல் அந்தத் தேதியோடு நிற்காது. தினமும் காலையில் காப்பி போட்டு வைத்துவிட்டு, நாலாவது மேஜையைத் திறந்து ஒரு வரி நான் தட்டுவேன். இன்றைக்கு இது:

இன்றைய திட்டு: ‘பத்திரம்’னு ரெண்டு கோடு போட்டா ஆச்சா? எதுக்குப் பத்திரம்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? இருபது நாள் என்னை ஆழம் பார்த்தீங்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், “திட்டுடி”ன்னு கேட்டிருந்தா திட்டியிருக்க மாட்டேனா?

மார்க் போட்டு வையுங்கள். வந்து பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் பொண்டாட்டி,
வாய்க்காரி செல்வி,
ஸ்ரீரங்கம்.