ஓட்டாமல் விட்ட கடைசி ரீல்

அண்ணாச்சி,

உங்கள் புத்தகத்தின் ப்ரூப் ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. அறை முழுக்க மை வாசம். நான் திருத்திக் கொடுத்தால் உங்கள் முதல் நினைவு நாளுக்குள் புத்தகமாகிவிடும். பத்து நாளாகத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

ராஜபாளையத்துக்குக் காலைக் காட்சியில் நீங்கள் கொண்டாடிய அந்த ஹாலிவுட் டைரக்டரின் படம் வந்தால், மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு என்னையும் பஸ்ஸில் இழுத்துப் போவீர்கள். மௌனப் பட காலத்தில் செட்டில் ஆணி அடிக்க வந்தவர், பேசும் படத்தில் பெரிய ஆளாகி, வயதான பின் ஸ்டுடியோவுக்கே வேண்டாதவராய்ப் போன கதையை வழியெல்லாம் சொல்வீர்கள். ஒரு படத்தில் மனைவி ரயிலடியில் காத்து நிற்பாள். அத்தோடு தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். "பாத்தியாலே! புருசன் வரமாட்டான்னு சொல்ல எம்புட்டுத் துணிச்சல் வேணும்! முடிஞ்சதுன்னு எழுத்துக்கூடப் போடல பாரு" என்று பூரித்துப்போவீர்கள். அவர் படங்களைப் பற்றிய இந்தப் புத்தகம் முழுக்க அந்தத் துணிச்சலைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

திருத்த உதவுமே என்று அந்தப் படத்தைச் செல்போனில் பார்த்தேன். ரயில் வருகிறது, அண்ணாச்சி. புருஷன் இறங்குகிறான். கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மற்ற படங்களையும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் போனவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அந்தத் தியேட்டரின் பழைய ஆபரேட்டர் தளவாய்புரத்தில் இருக்கிறார். போய்க் கேட்டேன். "படம் நீண்டா, ரெண்டு மணி ஷிப்டுக்குப் போற மில்லுக்காரவுக சத்தம் போடுவாக. இங்கிலீஷ் படந்தானன்னு கடைசி ரீல ஓட்டாம விட்டுருவோம்" என்று சிரித்தார். அவரை அடிக்கலாம்போல இருந்தது.

படத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. உங்கள் மகன் கோபித்துக்கொண்டு போனபோது, திருப்பூரில்தான் இருக்கிறான், போய்க் கூட்டி வாருங்கள் என்று எத்தனை முறை சொன்னேன்! "போனவன் வரமாட்டாம்லே. அத ஒத்துக்கிடணும். நம்ம டைரக்டர் படத்துல எவனாச்சும் திரும்பி வந்தானா?" என்றீர்கள். நானும் பெரிய ரசிகனாட்டம் தலையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் போன பிறகுதான் அவன் வந்தான். புத்தகம் போட வேண்டும் என்று ஓடியாடுவதும் அவன்தான். நேற்று வந்து ப்ரூப்பைப் புரட்டியபடியே, "அப்பா ஏன் சித்தப்பா ஒரு தடவகூட என்னியத் தேடி வரல?" என்று கேட்டான்.

காரணம் அவன் கையிலேயே இருந்தது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவே இல்லை என்று நினைத்தே அவனுக்கு வயதாகிப்போகும். காப்பி போடச் சொல்கிறேன் என்று உள்ளே போனவன்தான் நான், அவன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.