ஏரியை வற்றவைத்த வருடம்

மேலக்கரையூர்
9.2.2025

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அத்தானின் சர்க்கரை அளவும் அறிய ஆவல். செல்லில் நீ தினமும் அனுப்பும் ரோஜாப் பூக்கள் எல்லாம் வந்து குவிகின்றன. பதில் போடுவதில்லை என்று என் வீட்டுக்காரியிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். அந்தச் சின்னக் கண்ணாடியில் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடுவதில்லை அக்கா. தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டரை வருடம் ஆகிறது. பேச்சுதான் போனது, கையெழுத்து போகவில்லை. ஆகவே தபால். நீயும் சோம்பல் படாமல் தபாலிலேயே எழுது.

இங்கே ஏரியில் ஒரு தலைவலி. பொங்கல் கழிந்து பிச்சைமுத்து வலை போட்டான். என்னோடு சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட அதே பிச்சைமுத்துதான். பதினெட்டு வருடமாக ஏரியின் மீன் குத்தகை அவனிடம்தான் இருக்கிறது. வழக்கமாக விராலும் கெண்டையும் வலை கிழிய விழும் இடத்தில், இந்தத் தடவை ஏதோ பெரிய பெரிய கறுப்பு மீனாக வந்தது. ஒன்றின் வயிற்றைக் கீறினால் உள்ளே கெண்டைக் குஞ்சுகள், இரண்டு தவளை, ஒரு நீர்க்கோழிக் குஞ்சின் கால். விரால் மருந்துக்குக்கூட இல்லை. மீன்வளத்துறை அதிகாரி வந்து பார்த்தார். வெளிநாட்டு மீன், வளர்க்கவே தடை, எப்படி வந்தது என்று எங்களையே கேட்டார். பாசன சங்கத்துக்குத் தலைவர் என்று என்னை உட்காரவைத்திருக்கிறார்களே, நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். வாயில்லாதவனைப் பார்த்துக் கேட்கிறார்.

அன்புடன்
தம்பி செந்தமிழன்


ஸ்ரீரங்கம்
16.2.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் கண்ணாடியைத் தேடி, கண்ணாடி தலையிலேயே இருக்க, அத்தான் சிரித்து, பிறகுதான் படித்தேன். இங்கே எல்லாரும் நலம். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்கி என் முட்டி தேய்கிறது. தினமும் ரோஜா அனுப்புகிறவளைக் கிண்டல் செய்கிறாய், இரண்டு மாதமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் நீ. கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் அக்கா வீடு. அதற்கு என்ன விசா வேண்டுமா?

அப்பா தன் கட்சிக்கார நண்பர்களுக்காக உனக்குச் செந்தமிழன் என்று பெயர் வைத்தார். எனக்கு மட்டும் அம்மா சண்டை போட்டு வள்ளிக்கண்ணு என்று வைத்தாள். பெயரின்படியே ஆகிவிட்டோம். நான் கோயில் கோயிலாகச் சுற்றுகிறேன், நீ திருநீற்றைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறாய். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் தலையணைக்கு அடியில் நான் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நர்ஸிடம் ஜூஸ் போடச் சொல்லி எழுதிக் காட்டினாயே, அதை இன்னும் மறக்கவில்லை.

அது என்ன மீன்? எப்படி இருக்கும்? பார்க்காத மீனா? அடுத்த கடிதத்தில் எழுது. கழுத்தைச் சுற்றித் துண்டு போடாமல் வயலுக்குப் போகாதே, தொண்டைத் துளைக்குள் தூசி போய்விடும்.

ஆசீர்வாதத்துடன்
அக்கா வள்ளிக்கண்ணு


மேலக்கரையூர்
2.3.2025

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட மீன் இதுதான். தட்டைத் தலை, செதில் கிடையாது, வாயைச் சுற்றி எட்டு மீசை, உடம்பு சேற்று நிறத்தில் வழவழப்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்கிறார்கள். தண்ணீரை விட்டு வெளியே போட்டால் மற்ற மீன் கால் மணி நேரத்தில் செத்துவிடும். இது காலையில் போட்டால் மத்தியானம் வரை கிடந்து வாயைப் பிளக்கிறது. அதனால்தான் பேசினில் போட்டு உயிரோடு விற்கிறார்களாம்.

நேற்று சங்கக் கூட்டம். அதிகாரி இரண்டு வழி சொன்னார். ஒன்று, சித்திரையில் மோட்டார் வைத்து ஏரியை அடியோடு வற்றவைத்து, சேற்றில் சுண்ணாம்பு போட்டு எல்லாவற்றையும் ஒழிப்பது. மற்றது, தண்ணீரை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் பிடித்துப் பிடித்துக் குறைப்பது. எனக்கு முதல் வழிதான் சரி என்று பட்டது. தொண்டையில் வந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகவா எடுத்தார்கள்? பிச்சைமுத்து எழுந்தான். “ஏரிய வத்த வச்சா இது சாவாதுங்க. சேத்துக்குள்ள பூந்து படுத்துக்கும், ஒரு தூத்தல் போட்டா தரையிலயே ஊர்ந்து வாய்க்காலுக்குப் போயிடும். சாவப் போறது நம்ம விராலும் கெண்டையும்தான். தண்ணிய அப்படியே விடுங்க, ரெண்டு வருசத்துல நான் புடிச்சுக் கொறைக்கிறேன்” என்றான்.

சங்கச் செயலாளர் கலையரசன் உடனே, “இந்த மீனுக்கு நீ ஏன் இவ்வளவு பரிஞ்சு பேசுற?” என்று கேட்டான். பிச்சைமுத்து வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டி இருப்பதை வேறு யாரோ சொன்னார்கள். ஊர் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். ஏரியை வற்றவைக்காதே என்று ஒற்றைக்காலில் நிற்கிறவனுக்குக் காரணம் இல்லாமலா இருக்கும்? நான் தாளில் எழுதிக் கொடுத்தேன், கலையரசன் உரக்கப் படித்தான்: “இந்த மீனை விட்டவரே இதைக் காப்பாற்றவும் பார்க்கிறார் என்று சங்கம் கருதுகிறது. பிச்சைமுத்துவின் மீன் குத்தகை ரத்து செய்யப்படுகிறது.” தாளைப் பஞ்சாயத்துப் பலகையிலும் ஒட்டியாயிற்று. பிச்சைமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டான். குற்றமுள்ளவன் வேறென்ன செய்வான்.

அன்புடன்
தம்பி


ஸ்ரீரங்கம்
12.3.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்தாறு நாளாயிற்று. உடம்பு சரியில்லை, அதனால்தான் தாமதம். பெரிதாக ஒன்றுமில்லை.

பிச்சைமுத்து அப்படிச் செய்கிற ஆளா? எனக்குத் தோன்றவில்லை. யாராவது தெரியாமல் விட்டிருக்கலாம். வாய்க்காலில் வெள்ளத்தோடு வந்திருக்கலாம். யார் என்று தெரியாமல் ஒரு மனுஷன் பெயரை எழுதிப் பலகையில் ஒட்டுவது நல்லதில்லை தம்பி. தயவு செய்து அந்தத் தாளைக் கிழித்துவிடு. ஏரியையும் வற்றவைக்க வேண்டாம். அவன் சொல்கிறபடி பிடித்தே குறைத்தால் என்ன? நான் சொல்லி நீ கேட்டதில்லை, இந்த ஒரு தடவை கேள்.

இப்போது வீட்டுக்கு வர வேண்டாம், அத்தானுக்கு ஜலதோஷம். பிறகு நானே எழுதுகிறேன்.

அக்கா


மேலக்கரையூர்
18.5.2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ரோஜாவும் நின்றுவிட்டது. கோபமா? பிச்சைமுத்துவுக்காக நீ இவ்வளவு உருகுவாய் என்று நினைக்கவில்லை.

ஏரி முடிந்தது. ஐந்து மோட்டார் வைத்து ஒன்பது நாள் இறைத்தோம். கடைசியாக மடுவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றபோது ஊரே கரையில் கூடிவிட்டது. அந்தக் கறுப்பு மீன் எட்டு கிலோ, பத்து கிலோ என்று நூற்றுக்கணக்கில் பிடித்துக் குழி தோண்டிப் புதைத்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மாலை போட வந்தார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அக்கா, உன்னிடம்தான் சொல்ல முடியும். சுண்ணாம்பு போட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். எங்கேயும் இல்லை என்று நினைத்த விரால் அவ்வளவு இருந்திருக்கிறது. கோரைப் புல்லுக்குள் ஒளிந்து பிழைத்திருந்தவை எல்லாம் வெள்ளை வயிற்றோடு கிடந்தன. ஆரால், அயிரை, குரவை, நாம் சின்ன வயதில் துண்டு போட்டுப் பிடித்த மீன்கள். அன்று மாலை கோடை மழை ஒரு அரைமணி நேரம் பெய்தது. மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள், சேற்றுக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு மீன்கள் எழுந்து ஈரத் தரையில் நெளிந்து நெளிந்து வாய்க்கால் பக்கம் போனதாக. பிச்சைமுத்து சொன்னது அப்படியே நடந்தது. அவனிடம் போய்ச் சொல்லலாம் என்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது. வலையை எல்லாம் விற்றுவிட்டு மகளோடு டவுன் பக்கம் போய்விட்டானாம்.

அவன் விட்டது தப்புத்தான். ஆனாலும் அவன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

தம்பி


ஸ்ரீரங்கம்
3.6.2025

தம்பி,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது தடவை கிழிக்காமல் போட்டுவிட வேண்டும்.

அந்த மீனை விட்டது நான்.

உனக்கு ஆபரேஷன் ஆகி ஒன்பதாவது நாள் ஞாபகம் இருக்காது. ஜன்னி கண்டு கிடந்தாய். டாக்டர் என்னையும் உன் வீட்டுக்காரியையும் கூப்பிட்டு எதுவும் சொல்வதற்கில்லை என்றார். நான் வெளியே வந்து எங்கள் தெரு ஜோசியரிடம் ஓடினேன். உங்கள் தம்பியின் நிலம் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அந்தத் தண்ணீரில் உயிருள்ள மீன் ஏழு விடுங்கள் என்றார் அவர். வழியில் பேசினில் மீன் வைத்து விற்கிறவளிடம், “எந்த மீன் ரொம்ப நேரம் உசிரோட இருக்கும்?” என்று கேட்டேன். “இத வாங்கிக்குங்கம்மா, லேசுல சாவாது” என்றாள். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. என் தம்பியும் அப்படி லேசில் சாகாதவனாக இருக்க வேண்டும் என்று அதையே கேட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் வாளியில் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு உங்கள் ஏரி மதகுக்கு வந்தேன். ஒவ்வொன்றாக விடும்போது உன் பெயரைச் சொன்னேன். மறுநாள் காலையில் உனக்குக் காய்ச்சல் விட்டது.

நீ கேலி செய்வாய் என்று சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தையே ஜூஸ் போடச் சொன்னவன். மார்ச்சில் எட்டு மீசை என்று எழுதினாயே, படித்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருந்தால் பிச்சைமுத்து ஊரில் இருந்திருப்பான். தலைவரின் அக்காவே இப்படி என்று உன்னை ஊர் பேசும், அதைவிட நீ என்னைப் பார்க்கமாட்டாய் என்று பயந்துவிட்டேன். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நான் பாவி. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ பிழைத்ததற்கு மட்டும் இப்போதும் என்னால் வருத்தப்பட முடியவில்லை.

அக்கா வள்ளிக்கண்ணு


மேலக்கரையூர்
17.8.2025

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. பிச்சைமுத்துவைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

மன்னார்புரத்தில் மகள் ரஞ்சனி வீட்டில் இருக்கிறான். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை நிறுத்த இடம் காட்டும் வேலை. கையில் விசில். என்னைப் பார்த்ததும் டீ வாங்கிக் கொடுத்தான். நான் நோட்டில் எழுதி நீட்டினேன், மீனை விட்டது நீ இல்லை என்று தெரிந்துவிட்டது, மன்னித்துவிடு என்று. யார் விட்டது என்று எழுதவில்லை. படித்துவிட்டு, “அக்கா சொல்லிட்டாங்களா?” என்று கேட்டான்.

அவனே சொன்னான்: “அன்னிக்கு நான் மதகுக்குக் கீழ வலை அலசிக்கிட்டு இருந்தேன். அக்கா ஒவ்வொண்ணா விட்டு உன் பேரச் சொல்லி அழுதாங்க. என்ன மீனுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஒரு வீச்சுல ஏழையும் அள்ளிக் கரையில போட்டிருப்பேன். கை வரல. நீ அங்க உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்க, உனக்குன்னு விட்டத நான் எப்பிடிப் புடிப்பேன்? தப்பு எம்மேலயும் இருக்கு.”

இதைக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று எழுதிக் கேட்டேன். “நீ எழுதின தாள்ல எங்கிட்ட எதுவும் கேக்கலையே. முடிஞ்சுபோச்சுன்னுல்ல எழுதியிருந்த” என்றான். ஊருக்கு வா, குத்தகையை மறுபடி உன் பேருக்கே போடுகிறோம் என்று எழுதிக் காட்டினேன். “வரலப்பா. வித்துட்ட வலைய யாரு திருப்பித் தருவா?” என்று சொல்லிவிட்டு, ஒரு கார் வரவும் விசில் ஊதிக்கொண்டு போய்விட்டான்.

போன ஞாயிறு கூட்டம் போட்டேன். நான் எழுதிக் கொடுத்ததைக் கலையரசன் படித்தான். என் உயிருக்காக என் வீட்டார் நேர்ந்துகொண்டு விட்ட மீன் அது, பிச்சைமுத்து மேல் பழி எழுதியவன் நான், அதனால் தலைவர் பதவியை விடுகிறேன் என்று எழுதியிருந்தேன். உன் பெயரைப் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆடியில் வாய்க்கால் தண்ணீர் ஏரிக்கு வந்துவிட்டது. முதலில் மேலே வந்து மூச்சு விட்டது அந்தக் கறுப்பு மீன்தான். இனி அதைக் குறைக்கத் தெரிந்தவன் ஊரில் இல்லை.

மீனை விட்டதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை அக்கா. மார்ச்சில் நீ எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ‘யாராவது தெரியாமல் விட்டிருக்கலாம்’ என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நான் தெரியாமல் ஒருவனை விரட்டினேன். நீ தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் உள்ளதை நீ சொல்ல வேண்டிய ஆள் நானில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ் மாறினால் மன்னார்புரம். முகூர்த்தம் இல்லாத நாளில் அவன் மத்தியானம் வீட்டில்தான் இருப்பான்.

போய்விட்டு வந்து எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

செந்தமிழன்