பிரிக்காத பொட்டலம்

ஆடி வெள்ளி, இரவு.

கூழ் ஊற்றிய இடத்தில் எல்லார் முன்னாலும் நாத்தனார் ராஜேஸ்வரி கேட்டாள்: "இன்னாடி, இன்னும் ஒயுங்கா ஓடாத கம்ப்யூட்டருக்கா உம்பொண்ணு பெங்களூரு போவுது? பட்டிக்காட்டுப் புத்தி! எம்புள்ளைக்குக் கட்டிக் குடுத்துட்டு கம்முனு கெட."

என் மகள் மீனா பொறுமையாகச் சொன்னாள். "அத்தே, இது குவாண்டம் கம்ப்யூட்டரு. மத்ததுல ஒண்ணு, இல்லன்னா சைபர். இதுல அளந்து பாக்குற வரைக்கும் ரெண்டும் கலந்தே இருக்கும். சின்ன சலசலப்புக்கே கலைஞ்சிடும். அந்த மாதிரி துணுக்குங்கள கலையாம லட்சக்கணக்குல சேத்து வச்சா புது மருந்துகூடக் கண்டுபுடிக்கலாம். அதுக்குத்தான் போறேன்."

"அம்மன்கிட்ட பூ கேப்போம். வெள்ளைன்னா போவட்டும், சிவப்புன்னா கல்யாணம்" என்றாள் ராஜேஸ்வரி. ஆளுக்கொரு பூ வைத்து இரண்டு பொட்டலம் மடிக்கும் வேலையை என்னிடமே தந்தாள். பட்டிக்காட்டுக்காரிக்குச் சூது தெரியாது என்ற நினைப்பு.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அவள் முகம் கூழ்ப்பானையின் அடியாய்க் கறுத்தது. கண் குளிரப் பார்த்தேன்.

இன்னொரு பொட்டலம் என் முந்தானையில் இருக்கிறது. அதிலும் வெள்ளை நந்தியாவட்டைதான். மீனா ரயில் ஏறட்டும். அப்புறம் ராஜேஸ்வரி கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வேன். அதுவரை நீ வாய் திறக்காதே, தாயே.