நான் நீக்கிய அளவுகள்

செவ்வாய், சங்கரன்கோவில்.

மதியம் சாப்பிடும் முன் லேப்டாப்பைத் திறந்திருக்கக் கூடாது.

தென் துருவத்தின் குளிர்ந்த நீர் வங்கக் கடலின் அடியில் மெதுவாக ஊர்ந்து வருகிறது. அந்த வரத்து குறையவில்லை என்று நாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தும் விட்டது. ஓரிடத்தில் மட்டும் அடிநீர் ஆண்டுக்காண்டு சூடேறியதாக, அதாவது குளிர்நீர் வரத்து குறைவதாக, அளவுகள் காட்டின. கருவிக் கோளாறு என்று நான்தான் அந்த அளவுகளை நீக்கினேன். இன்று வேறொரு கப்பலின் அளவுகள் வந்தன. கருவி வேறு. அதே இடம், அதே சூடு.

கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதிய முத்தையா அண்ணனை அழைத்தேன். அவருக்குத் திங்கட்கிழமை வேலைக்கான நேர்காணல். அந்தக் கட்டுரையை நம்பித்தான் போகிறார்.

"ஏலே, கடல் எத்தனையோ காலமா ஓடுது. ஒரு வாரம் பொறுக்காதா?"

"தப்புன்னு தெரிஞ்சுபோச்சே அண்ணே."

"ஒனக்குத் தெரிஞ்சுது, சரி. எனக்கு ஏம்ல போன் போட்ட? திங்கக்கெழம அவங்க கேட்டா என்ன சொல்லுவேன்? என்னையும் சேத்துல்லா பொய்யனாக்கிட்ட."

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

அன்று அந்த அளவுகளை நீக்கியபோது கருவியை உண்மையாகவே சந்தேகப்பட்டேனா, வரைபடத்தில் கோடு நேராக வந்தால் போதும் என்றிருந்தேனா? நினைவில்லை என்று எழுதப் பார்த்தேன். நினைவிருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அதையே அண்ணனுக்கும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டுகிறது. நிறுத்துகிறார். மறுபடியும் எழுதுகிறார்.